ஒரு ‘கூடாது’ செய்த வேலை

அத்தியாயம் 14

தராசு முள் ஏற வேண்டும், ஏற வேண்டும் என்றுதான் சுப்பம்மா இத்தனை வருஷமும் வேண்டியிருக்கிறாள். தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தராசில் மாட்டிவிட்டால் அவள் கண் கணக்குப்பிள்ளை பக்கம் போகாது, முள்ளின் மேலேயே நிற்கும். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று அவர் எதையாவது கழித்துவிட்டால் அன்றைக்கு அந்த மலையில் வேறு யார் குரலும் கேட்காது.

அப்படிப்பட்டவள் இன்று வாழ்க்கையில் முதல் தடவையாக, “முருகா, முள் ஏறாமல் இருக்கணும்” என்று வேண்டிக்கொண்டு நின்றாள்.

தராசில் நின்றது கொழுந்து மூட்டை இல்லை. அவள் மருமகள் வாசுகி. இடம், குன்னூரில் ஐவி டாக்டரம்மாவின் கிளினிக்.

வாசுகிக்கு ஆறு மாதம். வயிற்றில் இரட்டை. வயிறு மட்டும் முன்னால் வந்திருந்ததே தவிர, கழுத்து எலும்பு துருத்தி, வளையல் முழங்கை வரை ஓடி விளையாடியது. சுப்பம்மா அதை எல்லாம் பார்க்கவில்லை. முள்ளைத்தான் பார்த்தாள்.

“ரெண்டு மாசத்துக்கு முந்தி இருந்த அதே வெயிட்டு” என்றாள் நர்ஸ் வீரம்மா, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.

சுப்பம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது.

அந்த வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரிந்ததுதான். தேயிலை விலை விழுந்தாலும் விழுந்தது, எஸ்டேட் பாக்டரியைப் பூட்டிவிட்டார்கள். கொழுந்து எடுக்கிறவர்களுக்கும் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. பாக்டரியில் மெஷின் ஓட்டிய சுரேந்திரன், இப்போது விடிவதற்குள் கேத்திக்குப் போய்க் கேரட் பிடுங்கிக் கழுவிவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகு வருகிறான். போன மாதம் பரிசோதனைக்கு வராமலேயே விட்டுவிட்டார்கள். இந்த மாதம் மருமகளைக் கூட்டிவரும் வேலை மாமியார் தலையில் விழுந்தது.

இதற்கு முன் கூட்டிவந்தவன் சுரேந்திரன். ஸ்கேனில் இரட்டை என்று தெரிந்த அன்று. தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தவன், டாக்டர் சொன்னதாக ஒரே ஒரு சொல்லைக் கொண்டுவந்து அம்மாவிடம் ஒப்படைத்தான். அந்தச் சொல்லைத்தான் சுப்பம்மா இரண்டு மாதமாகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றி வந்தாள்.

ஐவி டாக்டருக்கு ஒரு பழக்கம். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றினால் பேச்சு சாதாரணம். இறக்கிப் போட்டால் யாருக்கோ திட்டு விழப்போகிறது என்று அர்த்தம். வாசுகியைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். வந்து உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

“என்னங்க சுப்பம்மா, மருமக ஒழுங்கா சாப்பிடுறாளா?”

இந்தக் கேள்விக்குத்தான் சுப்பம்மா பஸ் ஏறியதிலிருந்து காத்திருந்தாள்.

“அதெல்லாம் கட்டும் காவலுமா வச்சிருக்கேனுங்க டாக்டரம்மா! நீங்க சொன்னதுல ஒரு பிசகு கெடையாது. காலையில ஒரு ரொட்டி. மத்தியானம் ஒரு கரண்டி சோறு. ராவைக்கு மறுபடி ஒரு ரொட்டி. நடுவுல பசின்னா தேத்தண்ணி. ஒரு குண்டுமணி ஏறல. முள்ளு அப்படியே நிக்குது, பாத்தீங்கல்ல?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“நான் என்ன சொன்னேன்னு நெனைச்சு இப்படிச் செஞ்சீங்க?”

“வெயிட்டு கூடாதுன்னீங்க. எம் மகன் வந்து அதத்தானே சொன்னான்.”

வாசலில் நின்ற நர்ஸ் வீரம்மா “ஐயையோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் சொன்னதுங்கம்மா அது” என்றாள் வீரம்மா, டாக்டரிடம். “இந்தப் புள்ள யூரின் குடுக்கப் போயிருந்துச்சு. அவரு இங்க நின்னாரு. ‘இனி வெயிட்டு கூடாது, பாத்துக்கங்க’ன்னு சொன்னேன். கொடம், கொழுந்துக் கூடை, வெறகு இதெல்லாம் தூக்கக் கூடாதுங்கறதுக்குச் சொன்னேன். அவரு பாட்டுக்கு தலைய தலைய ஆட்டினாரு.”

ஒரே ஒரு சொல்தான். சுமக்கக் கூடாது என்று கிளினிக் வாசலில் சொன்னது, ஏறக் கூடாது என்று எஸ்டேட் லயத்தின் வரிசை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால் குழாயடியிலிருந்து குடத்தைச் சுமப்பதும், வேலை இருந்த நாளில் கூடையைச் சுமப்பதும் நிற்கவில்லை. சோறு மட்டும் நின்றுவிட்டது.

சுப்பம்மாவுக்கு முதலில் மகன் மேல் கோபம் வந்தது. பிறகு நர்ஸ் மேல். இரண்டும் நிற்கவில்லை. ஏனென்றால் அவளுக்கே தெரியும், அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் ஏன் மறுபேச்சுப் பேசாமல் நம்பினாள் என்று. இலங்கையிலிருந்து வந்த புதிதில் இதே லயத்தில் சுரேந்திரனைப் பெற்றாள். பிள்ளை பெருத்த பிள்ளை. அவள் பிழைத்ததே பெரிய பாடு. அன்றிலிருந்து, பிள்ளை சின்னதாக இருந்தால்தான் தாய் தப்புவாள் என்பது அவள் கட்சி. டாக்டரே தன் கட்சிக்கு வந்துவிட்டதாக நினைத்து இரண்டு மாதம் தலைநிமிர்ந்து நடந்திருக்கிறாள்.

“ரெட்டைங்க இது” என்றார் ஐவி டாக்டர். குரலில் திட்டு இல்லை. அதுதான் சுப்பம்மாவைப் பயமுறுத்தியது. “ஒத்தப் பிள்ளைக்கு ஏற வேண்டியதைவிட இவளுக்கு இன்னும் நல்லாவே ஏறணும். ரெண்டு பிள்ளையும் கொஞ்சம் சின்னதா இருக்கு. அதுலயும் இடது பக்கம் இருக்குறது ரொம்பச் சின்னது. ரெண்டுக்கும் இதயம் நல்லாத் துடிக்குது, அதுவரைக்கும் சந்தோஷம். இன்னும் காலம் இருக்கு. ரெண்டு வாரம் பாப்போம். அப்பவும் வளரலேன்னா கோயமுத்தூருக்கு அனுப்பிடுவேன். அங்கயே படுக்க வச்சுப் பாக்கணும். அவசரமா எடுக்க வேண்டிவந்தா, அத்தனை சின்னதுங்களைக் காப்பாத்துறது லேசு இல்ல.”

சுப்பம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள். இரண்டு வாரம். இரண்டு உயிர். இல்லை, மூன்று.

அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்த வாசுகி அப்போதுதான் வாய் திறந்தாள்.

“பசிச்சுச்சு அத்தை” என்றாள். “ரொம்பப் பசிச்சுச்சு. டாக்டரே சொல்லிட்டாங்களேன்னு பொறுத்துக்கிட்டேன். ஊட்டுல எல்லாருக்கும் வேலை இல்லாதப்ப நான் எப்படி இன்னொரு ரொட்டி கேக்குறது?”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் சுப்பம்மா. இதைத் தாங்க முடியவில்லை.

“நான் மூடிட்டுப் போற சட்டிய நீயே தொறந்து தின்னிருக்கக் கூடாதா, பாவி மகளே” என்று சொல்லிவிட்டு அழுதாள். அழும்போதுகூட அவளுக்குத் திட்டத்தான் வரும்.

ஐவி டாக்டர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டார்.

“அழுதது போதும். கேளுங்க. அதுக்காக ஊட்டுக்குப் போயி மூணு ஆளு சோத்தை ஒரே தட்டுல கொட்டி அமுக்காதீங்க. வயிறு மேல ஏறி நிக்குது, தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. முட்டை, பாசிப்பயிறு, நெலக்கடலை, கீரை, ராகிக் களி, பால். எது கெடைக்குதோ அது. கொடம் தூக்கக் கூடாது. கூடை தூக்கக் கூடாது. மேடு ஏறி எறங்கக் கூடாது. மத்தியானம் படுக்கணும், இடது பக்கமா ஒருக்களிச்சு. தலைவலி, மூஞ்சி வீக்கம், வயித்துவலி, ரத்தம் பட்டுச்சுன்னா எந்நேரமா இருந்தாலும் வந்துடணும். சத்து மாத்திரை போடுறாளா?”

“தெனமும் போடுறேனுங்க” என்றாள் வாசுகி. “சாப்பிட்டதும் தேத்தண்ணியோட.”

“அதுதான் ரத்தமும் ஏறல. தேத்தண்ணியோட போட்டா மாத்திரை ஒடம்புல சேராது. சாப்பிட்ட ஒடனே தேத்தண்ணி குடிக்காதே. மாத்திரைய தண்ணியோட போடு.”

சுப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க டாக்டரம்மா, பொறந்ததுல இருந்து தேயிலைய நம்பித்தானுங்க கெடக்குறோம். வெலை விழுந்து வயித்துல அடிச்சதும் இல்லாம, வயித்துக்குள்ளயும் வந்து அடிக்குதுங்களா?”

ஐவி டாக்டர் சிரித்துவிட்டார். வெளியே வரும்போது நர்ஸ் வீரம்மா வாசுகியின் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே நான் ரெண்டு தடவை சொல்லுவேன் கண்ணு, ரெண்டு விதமா சொல்லுவேன்” என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் மருமகளை உட்காரவைத்து, சுப்பம்மா பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடையில் வாங்கிய வாழைப்பழத்தை உரித்து உரித்துக் கொடுத்தாள். வாசுகி தின்கிற வேகத்தைப் பார்த்து, தனக்கென்று வைத்திருந்த பழத்தையும் உரித்துக் கொடுத்தாள்.

“ஏ புள்ள, நான் சொல்றதக் கேளு. இது அவன் வாயால வந்த வெனைன்னு சுரேந்திரனுக்குச் சொல்லாதே. ஒடைஞ்சு போயிடுவான். கெழவி தப்பா வெளங்கிக்கிட்டான்னு எந்தலையில போட்டுச் சொல்லு.”

“அது எப்படி அத்தை?”

“போட்டுச் சொல்லு. என் தலை தாங்கும்.”

தலை தாங்கும், சரி. வீடு தாங்குமா என்பதுதான் அடுத்த கவலை. பஸ்ஸை விட்டு இறங்கினால் லயத்துக்கு நெஞ்சைப் பிடிக்கிற ஏற்றம். தண்ணீர்க் குழாய் பள்ளத்தில். வேலை உள்ள நாளில் சுப்பம்மா தேயிலைக் காட்டுக்குப் போய்விட்டால் வாசுகியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தனியாக விட்டால் அவள் குடத்தை எடுக்காமல் இருக்கமாட்டாள். ராத்திரி வலி வந்தால் அந்த மேட்டிலிருந்து எப்படி இறக்குவது?

பஸ் அருவங்காட்டுக்குள் நுழைந்தது.

இந்த ஊர் வந்தால் சுப்பம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். இங்கேதான் வெடிமருந்து பாக்டரி குவார்ட்டர்ஸில் அவள் பெற்ற மகள் சரிதா இருக்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல் சில்வஸ்டரைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷமாகிறது. சர்ச்சில் கல்யாணம் நடந்தபோது, “இனி அவ ஊட்டுத் தண்ணிகூட என் தொண்டையில எறங்காது” என்று லயமே கேட்கச் சொன்னவள் சுப்பம்மா. சுரேந்திரன் ஒரு படி மேலே போய், ஜெகதளா கடைவீதியில் நாலு பேரோடு இவளும் பார்த்து நிற்க, சில்வஸ்டரைக் கன்னத்தில் அறைந்தான்.

முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று சொன்னேன் அல்லவா? அது பஸ்ஸில் உள்ளவர்களுக்காக. திருப்புவதற்கு முன் எந்த வீட்டு வாசலில் எந்தப் புடவை காய்கிறது என்று ஒரு கண் பார்த்துவிடும்.

கண்டக்டர் விசில் ஊதப் போனார்.

“எறங்கணும்! எறங்கணும்!” என்று சுப்பம்மா எழுந்தாள்.

“நம்ம ஊரு இன்னும் வரலையே அத்தை?”

“தெரியும். எறங்கு. பாத்து, மெதுவா.”

நீலக் கேட். உள்ளே கொடியில், பஸ்ஸிலிருந்து அவள் கண் தேடிப் பார்க்கும் அந்தப் பச்சைப் புடவை. சுப்பம்மா கதவைத் தட்டிவிட்டு, திரும்பிப் போய்விடலாமா என்று நினைக்கும் முன்னே கதவு திறந்துவிட்டது.

சரிதா நின்றாள். கையில் அரிவாள்மணையில் நறுக்கிய பீன்ஸ் துண்டு ஒட்டியிருந்தது. அம்மாவைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் வயிற்றைப் பார்த்தாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு பெற்ற மகளிடம் பேச சுப்பம்மா எத்தனையோ வசனம் தயார் செய்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“சோறு இருக்கா?”

“இருக்கும்மா” என்றாள் சரிதா. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சோறு இருந்தது. பருப்பு இருந்தது. பீன்ஸ் பொரியல் ஆவதற்குள் இரண்டு முட்டை வெந்துவிட்டது. வாசுகி கொஞ்சம் சாப்பிட்டாள், நிறுத்தினாள், மூச்சு வாங்கி மறுபடி சாப்பிட்டாள். சுப்பம்மா எதிரில் உட்கார்ந்து நடந்ததை ஒன்று விடாமல் மகளிடம் சொன்னாள். சுரேந்திரன் பேரை மட்டும் அதில் சொல்லவில்லை.

“நாந்தாண்டி பட்டினி போட்டேன். நல்லதுன்னு நெனைச்சே போட்டேன்.”

சரிதா எழுந்து, பழக்கத்தில் அடுப்பில் தேயிலைத் தண்ணீர் வைத்தாள். வாசுகிக்கு ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

“தேத்தண்ணி கூடாது!” என்று சுப்பம்மா போட்ட சத்தத்தில் டம்ளர் தளும்பியது.

“கூடாதுன்னா, ஏறக் கூடாதா? குடிக்கக் கூடாதா?” என்று கேட்டாள் சரிதா.

மூன்று பெண்களும் சிரித்தார்கள். சுப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவளுக்குக் கொடுத்த தேத்தண்ணியை ஒரு மடக்கில் குடித்தும் விட்டாள். தொண்டையில் இறங்காது என்று சொன்னது எங்கே போனதோ, நல்ல சூடாக இறங்கியது.

வாசுகி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில், “அத்தை, இங்க வாங்க” என்று கூப்பிட்டு மாமியார் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள்.

“இந்தப் பக்கம் சின்னதுதானே? மூணு நாளா சும்மாவே கெடந்துச்சு. இப்பப் பாருங்க.”

உள்ளங்கையில் ஒரு முட்டு முட்டியது. மறுபடியும் ஒன்று. சுப்பம்மா கையை எடுக்கவில்லை. இந்தச் சின்னது பிழைத்துவிட்டால் போதும், தனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றியது அவளுக்கு.

“இப்படிச் சும்மா கெடந்தா மூணு நாளு பொறுக்காதே புள்ள, ஒடனே சொல்லணும்” என்று மட்டும் சொன்னாள்.

“அண்ணி இங்கேயே இருக்கட்டும்மா” என்றாள் சரிதா. “தண்ணி ஊட்டுக்குள்ளயே வருது. டாக்டரு பக்கம். நான் பாத்துக்கறேன்.”

“ஒம் புருஷன் என்ன சொல்லுவாரோ?”

பதில் சொல்வதற்குள் பாக்டரி சங்கு ஊதியது. சுப்பம்மாவுக்கு உட்கார்ந்த இடம் சுட்டது.

சில்வஸ்டர் டிபன் கேரியரோடு வந்து, வாசலில் கிடந்த பழைய செருப்பைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தான். சுப்பம்மா எழுந்து நின்றாள்.

“வாங்க மாப்ள” என்றாள்.

சில்வஸ்டர் திரும்பித் தன் பின்னால் பார்த்தான். வேறு யாராவது மாப்பிள்ளை வந்திருக்கிறாரோ என்று நினைத்திருப்பான். யாரும் இல்லை.

சரிதா எல்லாவற்றையும் மளமளவென்று சொல்லி முடித்தாள். அவன் கேரியரைக் கீழே வைக்காமலேயே கேட்டுவிட்டுச் சொன்னான்.

“இருக்கட்டுங்க. இத எங்கிட்ட கேக்கணுங்களா? பிரசவம் வரைக்கும் இருக்கட்டும். நீங்களும் லீவு கெடைக்கிறப்பல்லாம் வாங்க.” அவன் கை தானாகக் கன்னத்துக்குப் போய்த் திரும்பியது. “ஆனா ஒண்ணுங்க. சுரேந்திரன் வரணும். மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் வேண்டாம். வாசல்ல செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காந்தாப் போதும். பொண்டாட்டி உள்ள இருக்க, அவரு ரோட்டோட போறதுன்னு இருக்கக் கூடாது.”

“இது சரியான கூடாது” என்றாள் சரிதா மெல்ல.

சுப்பம்மா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். கேத்தியிலிருந்து வருகிறவன் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். மகன் கையை ஓங்கியபோது தடுக்காமல் வேடிக்கை பார்த்தவள் அவள். இப்போது அவன் காலை இந்த வாசலுக்குத் திருப்புவதும் அவள் வேலைதான்.

பனி இறங்க ஆரம்பித்திருந்தது. பஸ் வந்தது. நடு ஜன்னலில் சேறு படிந்த சட்டையோடு சுரேந்திரன். மடியில் ஒரு துணிப்பை.

“டேய், எறங்குடா!”

“அம்மா? நீ என்ன இங்க? வாசுவுக்கு என்ன? என்ன சொன்னாங்க?”

“வாசு நல்லா இருக்கா. வயிறு நெறையத் தின்னுட்டுப் படுத்திருக்கா. ஒந் தங்கச்சி ஊட்டுல. எறங்கு.”

அவன் முகம் மாறியது. நீலக் கேட் இருந்த பக்கம் பார்த்தான். கை பையை இறுக்கிப் பிடித்தது.

“அந்த ஊட்டுலயா? நானா?”

“நீதான். ஒனக்குப் பொறக்கப்போறதுங்க ரெண்டும் அங்கதாண்டா சோறு தின்னுச்சு. சின்னது என் கையில ஒதைச்சுது. சாமி சத்தியமா ஒதைச்சுது.”

சுரேந்திரன் உதட்டைக் கடித்துக்கொண்டான். ஜன்னல் வழியாகத் துணிப்பையை நீட்டினான். சுப்பம்மா வாங்கிக்கொண்டாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

பை இறங்கியது. ஆள் இறங்கவில்லை.

பஸ் போய்விட்டது. சுப்பம்மா பையைப் பிரித்தாள். மண் போகக் கழுவி, தழை கிள்ளிய கேரட். மேலே, காய்ந்த புல்லில் சுற்றி, உடையாமல் நாலு முட்டை. வெயிட்டு கூடாது என்று வந்து சொன்னவன், இதை யாருக்கு வாங்கினான்? அவனுக்கும் பார்க்கப் பொறுக்காமல்தான் போயிருக்கிறது.

அவள் தலை நிமிர்ந்தபோது, ஜெகதளா வளைவில், ஸ்டாப்பே இல்லாத இடத்தில், பனிக்குள்ளே பஸ்ஸின் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன. பஸ் நின்றிருந்தது.